பாஸ் புத்தகமும் பிளட்டினம் கார்ட்டும்

போன மாதம் எங்கட வாசிப்பு வட்டத்தில் எடுத்த புத்தகத்தைப் பற்றிக் கதைத்ததை விட, வங்கிக் கணக்கைப் பற்றிக் கதைத்ததுதான் கூட. எங்களில் ஒருத்திக்கு வவுனியாவில் முதல் வேலை கிடைத்திருந்தது. சம்பளம் போட கணக்கு இலக்கம் தாங்கோ எண்டு கந்தோரில் கேட்டிருக்கிறார்கள். அவளிடம் இருந்ததோ, சின்ன வயதில் அம்மம்மா உப தபால் கந்தோரில் திறந்துவிட்ட தேசிய சேமிப்பு வங்கிப் புத்தகம் ஒன்றுதான். அதே கிழமை ஒரு தனியார் வங்கியில் இருந்து ரை கட்டின அண்ணா ஒருவர் வந்து, வழுவழு தாளில் அச்சடித்த விளம்பரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தத் தாளைத்தான் நாங்கள் எல்லாரும் சுற்றி இருந்து வாசித்தோம். இரண்டு கணக்குகள். ஒன்று சாதாரணக் கணக்கு, இலவசம். மற்றது பெயரிலேயே மினுங்குகிற கணக்கு. இரண்டு இலட்சத்துக்கு விபத்துக் காப்புறுதி, ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு எண்டு காசு, கொழும்பில் இன்னின்ன உணவகங்களில் கழிவு, வேறு வங்கி ஏ.ரி.எம்.மில் எடுத்தாலும் கட்டணம் இல்லை, விமான நிலையத்தில் இருந்து ஆற ஓர் அறை. கீழே, பூதக்கண்ணாடி தேவைப்படுகிற எழுத்தில்: கணக்கில் 25,000 ரூபா எப்பவும் இருக்கவேணும், குறைந்தால் மாதம் 300 ரூபா.

இதில் எதை எடுக்கிறது எண்டு அவள் கேட்டாள். ஆளுக்கொரு பதில் சொன்னோம். பிறகு ஒருவர், இப்படி இரண்டு விதமான கணக்கு எப்ப வந்தது எண்டு கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஒரு மாதமாகத் தேடி வாசித்ததில் விளங்கியதை இங்கே எழுதுகிறோம்.

கதை ஒரு பெட்டியில் தொடங்குகிறது. ஸ்கொட்லாந்தில் ருத்வெல் எண்டொரு கிராமம். 1810 இல் அங்கே ஹென்றி டன்கன் எண்ட பாதிரியார், கூலி வேலை செய்பவர்கள் சில்லறைக் காசைச் சேர்த்து வைக்க ஒரு சேமிப்பு வங்கி திறந்தார். அந்தக் காலத்து வங்கிகள் பெரிய தொகையைத்தான் வைப்பாக எடுக்கும். ஆறு பென்ஸோடு வருகிற ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். டன்கன் ஆறு பென்ஸையும் எடுத்தார். சேர்ந்த காசை வைத்த பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று திறப்பு, மூன்று வெவ்வேறு ஆட்களிடம். மூன்று பேரும் ஒன்றாக வந்தால்தான் பெட்டி திறக்கும். அந்தப் பெட்டி இன்றைக்கும் ருத்வெல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த எண்ணம் பிரித்தானியா முழுக்கப் பரவி, 22 வருடத்தில் கப்பலேறி இங்கேயும் வந்தது. 1832 இல், ஆளுநர் வில்மட் ஹோர்ட்டன் காலத்தில், கொழும்பில் இலங்கைச் சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. கவனியுங்கோ, இது கோப்பித் தோட்டங்கள் பெரிதாக எழும்புவதற்கு முந்தின காலம். இந்த நாட்டில் வர்த்தக வங்கி எண்ட ஒன்று சரியாக வேரூன்ற முதலே சேமிப்பு வங்கி வந்துவிட்டது. ஆனால் அது கொழும்பில்தான் இருந்தது. பருத்தித்துறையில் இருக்கிற ஒருவருக்கோ மட்டக்களப்பில் இருக்கிற ஒருவருக்கோ அது இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

அங்கே பிரித்தானியாவில் பெட்டி வங்கிகளுக்கு ஒரு பிரச்சினை வந்தது. மூன்று பூட்டுக் கட்டுப்பாடு எல்லா ஊரிலும் இருக்கவில்லை. 1849 இல் ரொச்டேல் நகரச் சேமிப்பு வங்கியில், கணக்குப் பார்த்தவர் செத்த பிறகுதான், ஏறத்தாழ 70,000 பவுண் காணாமல் போயிருப்பது தெரிய வந்தது. ஆலைத் தொழிலாளிகளின் காசு. இப்படியான சம்பவங்கள் சேர்ந்துதான் 1861 இல் தபால் கந்தோர் சேமிப்பு வங்கியைக் கொண்டு வரச் செய்தன. அப்போது நிதி அமைச்சராக இருந்த கிளாட்ஸ்டன் அதற்குப் பின்னால் நின்றார். ஒரு ஷில்லிங் இருந்தால் கணக்குத் திறக்கலாம். வட்டி நூற்றுக்கு இரண்டரை. காசுக்கு அரசாங்கமே பொறுப்பு. வருடத்துக்கு 30 பவுணுக்கு மேல் போட முடியாது எண்டும் வைத்தார்கள். இது பணக்காரருக்கு இல்லை எண்டு விதியிலேயே எழுதிவிட்டார்கள் எண்டு சொல்லலாம். வங்கி முதலாளிமார் தங்கட வாடிக்கையாளர் அந்தப் பக்கம் போய்விடுவார்கள் எண்டு பயந்ததும் அந்த எல்லைக்கு ஒரு காரணம்.

இன்றைக்கு எங்கட கையில் இருக்கிற இலவசச் சாதாரணக் கணக்கின் பேரன் பேத்தி வழி இதுதான். அது வங்கிகள் போட்ட பிச்சை இல்லை. வங்கிகள் வேண்டாம் எண்டு விட்ட ஆட்களுக்காக, வங்கிகளுக்கு வெளியே, தபால் கந்தோரில் பிறந்தது.

இலங்கைக்கு அது வந்த விதம் இன்னும் சுவாரசியம். 1869 இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் ஒரு செம்மஞ்சள் பூஞ்சணம் தெரிந்தது. பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பி அழிந்தது. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த பெரிய வங்கி ஓரியண்டல் பாங்க் கோர்ப்பரேஷன். அரச பட்டயம் பெற்ற வங்கி, எல்லா வசதியும் உள்ள வங்கி, துரைமாரின் வங்கி. அந்தக் காலத்தில் ரூபா நோட்டை அரசாங்கம் அச்சிடவில்லை, வங்கிகள்தான் அச்சிட்டன. இந்த நாட்டில் புழங்கிய நோட்டுகளில் பெரும் பங்கு ஓரியண்டல் வங்கியின் நோட்டு.

1884 மே மாதம் அந்த வங்கி கதவைச் சாத்தியது.

ஒரு காலை எழும்பிப் பார்க்கும்போது உங்கள் கையில் இருக்கிற காசு வெறும் கடதாசி எண்டால் எப்படி இருக்கும்? கடைக்காரன் வாங்க மாட்டான். தோட்டத்தில் சம்பளம் கொடுக்க வழியில்லை. அந்த நேரத்தில் ஆளுநராக இருந்த ஆர்தர் கோர்டன், வங்கியின் நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு எண்டு அறிவித்தார். அந்தப் பொறுப்பு நோட்டுகளுக்குத்தான். வங்கியில் வைப்பு வைத்திருந்தவர்கள் வங்கி கலைக்கப்பட்டுக் கணக்குத் தீரும் வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதே வருடம் நாணயத்தாள் சட்டம் வந்தது. அரசாங்கம் தானே நோட்டு அச்சிடத் தொடங்கியது. அடுத்த வருடம், 1885 இல், இலங்கையிலும் தபால் கந்தோர் சேமிப்பு வங்கி திறக்கப்பட்டது.

இரண்டும் ஒன்றுக்கொன்று காரணம் எண்டு நாங்கள் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசையைப் பாருங்கோ. துரைமாரின் வங்கி விழுந்த மறு வருடம், ஊர்த் தபால் கந்தோரில் அரசாங்கப் பொறுப்போடு சாதாரணச் சனத்துக்கு ஒரு புத்தகம். அம்மம்மாமார் வங்கி எண்டு சொல்லாமல் “தபால் கந்தோரில காசு கிடக்கு” எண்டு சொல்லுவதன் வேர் அங்கே இருக்கிறது.

அப்ப வர்த்தக வங்கிகள் யாருக்கு இருந்தன? ஏற்றுமதி இறக்குமதிக் கம்பனிகளுக்கும் தோட்டத்துரைமாருக்கும். 1888 இல் ஹற்றனில் ஒரு வங்கி திறந்தார்கள், தேயிலைத் தோட்டத் துரைமார் காசுக்காகக் கொழும்புக்கு அலையக் கூடாது எண்டு. இன்றைய ஹற்றன் நஷனல் வங்கியின் மூலம் அது. அந்த வங்கியைச் சுற்றி மலை முழுக்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது, அதன் பெயர் துண்டு. தொழிலாளி எவ்வளவு கடன், அந்தக் கடனைக் கட்டினால் ஆளை விடலாம் எண்டு எழுதிக் கொடுக்கிற கடதாசி. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும், கடன் ஆளோடு கூடவே போகும். 1921 இல்தான் சட்டம் போட்டு துண்டு முறையை நிற்பாட்டினார்கள். ஒரே ஊரில், ஒரே கால கட்டத்தில், ஒருவருக்கு வரவு எழுதுகிற கணக்கு, இன்னொருவருக்குப் பற்று மட்டும் எழுதுகிற கணக்கு.

கொழும்பில் சுதேச வியாபாரிகளின் நிலை இடைப்பட்டது. பிரித்தானிய வங்கிகள் அவர்களுக்கு நேரே கடன் கொடுக்கவில்லை. நடுவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இருந்தார்கள். வங்கி செட்டியாருக்குக் கொடுக்கும், செட்டியார் கூடுதல் வட்டிக்கு ஊராருக்குக் கொடுப்பார். எந்தச் செட்டியாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் எண்டு வங்கிக்கு உத்தரவாதம் சொல்ல ஒரு சிறாப்பர் இருப்பார். அதாவது வங்கியின் கதவு உங்களுக்குத் திறக்க வேண்டும் எண்டால் இரண்டு மனிதரைத் தாண்ட வேணும். 1925 இல் ஒரு பெரிய செட்டியார் நிறுவனம் முறிந்ததும் வங்கிகள் இந்தக் கடனையும் இறுக்கிவிட்டன. பின்னால் உலகப் பொருளாதார மந்தம். ஊரில் காணி பூமி கைமாறியது.

இதை விசாரிக்க 1934 இல் ஒரு வங்கி ஆணைக்குழு வந்தது. பம்பாயில் சென்ட்ரல் பாங்க் ஒவ் இந்தியாவை உருவாக்கிய சேர் சொராப்ஜி பொச்கானாவாலா அதன் தலைவர். அரச உதவியோடு ஒரு சுதேச வங்கி வேணும் எண்டு அந்தக் குழு சொன்னதன் பேரில்தான் 1939 ஓகஸ்ட் 1 இல் இலங்கை வங்கி திறந்தது. அதற்குப் பிறகும் ஊர்ப்புறத்துக்கு வங்கி போக இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. 1961 இல் மக்கள் வங்கி. அதைத் தொடர்ந்து 1964 முதல், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்குள்ளே கிராமிய வங்கிகள். சங்கக் கடையில் அரிசி சீனி வாங்கிவிட்டு அதே கட்டடத்தில் நகை அடகு வைக்கவும், பத்து ரூபா போடவும் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் பல ஊர்களில் இண்டைக்கும் அந்தப் பெயர்ப்பலகை தொங்குது.

1971 ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1832 இன் சேமிப்பு வங்கியையும் 1885 இன் தபால் கந்தோர் சேமிப்பு வங்கியையும் சேமிப்புப் பத்திர நிதியையும் ஒன்றாக்கித் தேசிய சேமிப்பு வங்கி உருவானது. 1972 முதல் இயங்கத் தொடங்கியது. வைப்புக்கு அரசாங்கத்தின் முழுப் பொறுப்பு உண்டு. அதற்குப் பதிலாக, வைப்புகளில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் அரசாங்கப் பிணையங்களில் முதலிட வேண்டும் எண்டு சட்டம் சொல்கிறது. ஆகவே அம்மம்மாவின் இலவசக் கணக்கும் சும்மா கிடக்கவில்லை. அவ போட்ட நூறு ரூபாவில் அறுபது அரசாங்கத்துக்குக் கடனாகப் போனது. அந்தக் காசை அரசாங்கம் எதற்குச் செலவழித்தது எண்டு கேட்டால், எங்கட ஊர் வரலாறு தெரிந்த ஆட்களுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

இங்கே கொஞ்சம் நிற்கிறோம். வடக்குக் கிழக்கில் பாஸ் புத்தகம் எண்டது வேறு ஒரு பொருள். இடம்பெயரும் போது எடுக்கிற பையில் அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதி, அதற்கடுத்தது அந்தப் புத்தகம். பொலித்தீன் பையில் சுற்றி, இடுப்பில் கட்டி, நந்திக்கடல் தாண்டி வந்த புத்தகங்கள் இருக்கின்றன. வராதவையும் இருக்கின்றன. கணக்கு யாருடைய பெயரில் இருந்ததோ அவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் காசு வரும் எண்ட நிலை இருந்தது. அதை எடுப்பது அவர் இல்லை எண்டு ஒத்துக்கொள்வது. அந்தக் கையெழுத்தைப் போட மாட்டேன் எண்டு காசை விட்ட அம்மாக்களை எங்களுக்குத் தெரியும். கணக்கில் கிடந்தது சில ஆயிரம்தான்.

புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் 1994 முதல் தமிழீழ வைப்பகம் இயங்கியது. அங்கே சனம் அடகு வைத்த நகைகளும் போர் முடிந்ததோடு போயின. இறுதிப் போரில் மீட்டதாகச் சொல்லப்பட்ட தங்கத்தை 2025 மே மாதத்தில் இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது. எந்தச் சங்கிலி யாருடையது எண்டு பற்றுச்சீட்டு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் எண்டு யோசித்துப் பாருங்கோ.

சரி, சலுகைக்கு வருவோம்.

1977 க்குப் பிறகு பொருளாதாரம் திறந்து, வெளிநாட்டு வங்கிகள் வந்து, 1987 இல் சம்பத், 1988 இல் செலான் எண்டு புது வங்கிகள் முளைத்தன. போட்டி வந்தது. போட்டி முதலில் பிடித்தது சின்னப் பிள்ளையளை. எங்கட தலைமுறையில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்: இவ்வளவு போட்டால் உண்டியல், இவ்வளவு போட்டால் மணிக்கூடு, இன்னும் கூடப் போட்டால் புத்தகப் பை, பெரிய தொகை போட்டால் சைக்கிள். (உண்டியல் எண்ட சொல் எங்கட ஊரில் பாவம். பிள்ளை சில்லறை போடுகிற டப்பாவும் உண்டியல், கனடாவில் இருந்து மாமா வங்கிக்குத் தெரியாமல் அனுப்புகிற காசும் உண்டியல்.)

இது எங்கட வங்கிகளின் கண்டுபிடிப்பு எண்டு நினைத்துக்கொண்டு இருந்தோம். இல்லை. 1983 இல் இங்கிலாந்தில் நற்வெஸ்ற் வங்கி பிள்ளைகளுக்குப் பீங்கான் பன்றி உண்டியல் கொடுத்தது. மொத்தம் ஐந்து பன்றி, ஒரு குடும்பம். கணக்குத் திறந்தால் குட்டி வூடி. மிகுதி 25 பவுண் ஆனால் அக்கா அனபெல். இப்படியே ஏறி, 100 பவுண் வந்தால்தான் அப்பா பன்றி சேர் நதானியேல். குடும்பத்தை ஒன்று சேர்க்க வேணும் எண்டு பிள்ளை வீட்டில் அழும். வங்கி விளம்பரம் செய்யத் தேவையில்லை.

எங்கள் வகுப்பிலும் இது நடந்தது. வங்கிக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்து உண்டியல் கொடுத்த நாளில், சிலருக்குச் சைக்கிள் படம் போட்ட தாள், சிலருக்கு வெறும் உண்டியல் மட்டும். வெறும் உண்டியல் வாங்கின பிள்ளைக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது வங்கியில் தரம் இருக்கு எண்டு. பிளட்டினம், கோல்ட் எண்ட பெயர்கள் பிறகு வந்து அதற்கு வர்ணம் பூசின.

அடுத்தது, இலவசம் எண்டால் என்ன எண்ட கேள்வி. இங்கிலாந்தின் பெரிய வங்கிகளில் மிட்லண்ட் 1984 இல் ஒரு வேலை செய்தது. அதுவரை நடைமுறைக் கணக்கில் குறிப்பிட்ட மிகுதி இல்லாவிட்டால் காசோலைக்குக் காசோலை கட்டணம் இருந்தது. மிட்லண்ட் சொன்னது: கணக்கு கழித்தலுக்குப் போகாமல் இருந்தால் ஒரு கட்டணமும் இல்லை. சனம் அங்கே ஓடியது. மற்ற வங்கிகளும் பின்னால் வந்தன. ஆனால் வங்கி நடத்துகிற செலவு எங்கேயும் போகவில்லையே. அது இரண்டு வழியால் வந்தது. ஒன்று, மிகுதியில் கிடக்கிற காசுக்கு வட்டி இல்லை அல்லது மிகக் குறைவு. மற்றது, மாதக் கடைசியில் கணக்குக் கழித்தலுக்குப் போன ஆளிடம் பிடிக்கிற தண்டம். ஐந்து பவுண் குறைந்ததற்கு முப்பது பவுண் தண்டம் கட்டின ஆட்கள் இருந்தார்கள். இந்தத் தண்டம் நியாயமா எண்டு அரச நியாய வர்த்தக அலுவலகம் வழக்குப் போட்டு, 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. வங்கிகள் வென்றன. கணக்கில் காசு வைத்திருப்பவரின் இலவசத்தை, கணக்கு வற்றிப் போனவர் கட்டிக்கொண்டு இருந்தார்.

அதே காலத்தில்தான் மாதக் கட்டணம் கட்டுகிற சலுகைக் கணக்குகளும் அங்கே பெருகின. பயணக் காப்புறுதி, போன் காப்புறுதி, வாகனம் நின்றால் உதவி எல்லாம் ஒரு கட்டில். பிறகு பார்த்தால், வயது எல்லையைத் தாண்டினவருக்குப் பயணக் காப்புறுதி விற்றிருக்கிறார்கள். வாகனமே இல்லாதவருக்கு வாகன உதவி விற்றிருக்கிறார்கள். முறைப்பாடு குவிந்தது. 2013 இல் விதி வந்தது: இந்தக் காப்புறுதி இவருக்குப் பலிக்குமா எண்டு பார்த்துத்தான் விற்க வேணும், வருடா வருடம் திரும்பச் சொல்ல வேணும். எங்கட தோழியின் தாளில் இருந்த ஆஸ்பத்திரிக் காப்புறுதி பற்றியும் இதே கேள்விதான் கேட்க வேணும் எண்டு அதை வாசித்த பிறகுதான் தோன்றியது.

இந்தியாவில் வேறு திசையில் போனார்கள். 2005 இல் ரிசர்வ் வங்கி, மிகுதி இல்லாவிட்டாலும் திறக்கக்கூடிய எளிய கணக்கு ஒன்றைக் கொடுங்கோ எண்டு எல்லா வங்கிகளையும் கேட்டது. அந்த முயற்சியில் முன்னுக்கு நின்ற ஊர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிற மங்கலம். இந்தியன் வங்கி அங்கே வீடு வீடாகப் போனது. எல்லாக் குடும்பத்துக்கும் வங்கிச் சேவை கிடைத்த முதல் கிராமம் எண்டு அதை அறிவித்தார்கள். 2014 ஓகஸ்டில் தொடங்கிய ஜன்தன் திட்டத்தில் கோடிக்கணக்கில் கணக்குகள், ஒவ்வொரு கார்ட்டோடும் விபத்துக் காப்புறுதி. கவனித்தீர்களா, பணக்காரக் கணக்கின் சலுகையைக் கொண்டு வந்து ஏழைக் கணக்கில் இலவசமாக ஒட்டியிருக்கிறார்கள். எங்களுக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் அங்கேயும் மறுபக்கம் உண்டு. 2017 ஏப்ரலில் ஸ்டேட் பாங்க் ஒவ் இந்தியா, சாதாரணச் சேமிப்புக் கணக்குகளில் குறைந்தபட்ச மிகுதி இல்லாவிட்டால் தண்டம் எண்டு திரும்பக் கொண்டு வந்தது. அந்த வருடம் நவம்பர் வரைக்கும் அப்படிச் சேர்ந்த தொகை 1,771 கோடி இந்திய ரூபா. அவ்வங்கியின் ஒரு காலாண்டு இலாபத்தை விடக் கூட. ஜன்தன் போன்ற அடிப்படைக் கணக்குக்காரருக்கு இந்தத் தண்டம் இல்லை. அப்படி ஒரு கணக்கு இருக்கெண்டு தெரியாமல் சாதாரணக் கணக்கு வைத்திருந்த ஏழைக்குத்தான் அடி. பெரிய எதிர்ப்புக்குப் பிறகு 2020 மார்ச்சில் அதை நிற்பாட்டினார்கள்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு அந்த வழுவழுத் தாளைத் திரும்ப எடுத்தோம். தோழியின் சம்பளம் 55,000. அதில் 25,000 ஐத் தொடாமல் வைத்தால்தான் கட்டணம் இல்லை. வீட்டு வாடகை, பஸ், அம்மாவுக்கு அனுப்பிறது போக மாதம் இருபதாம் திகதிக்குப் பிறகு அவளின் கணக்கில் என்ன நிற்கும் எண்டு அவளுக்கே தெரியும். அப்ப வருடத்துக்கு 3,600 ரூபா. வேறு வங்கி ஏ.ரி.எம்.மில் மாதம் நாலு தடவை எடுத்தாலும் அவளுக்கு 300 ரூபா வரவில்லை. உணவகக் கழிவு எல்லாம் கொழும்பு. விமான நிலைய அறை பற்றிக் கேட்டபோது அவள் சிரித்தாள். மிஞ்சுவது காப்புறுதி. அதை வாங்கலாம், தேவை எண்டால் தனியாக விலை கேட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு.

எங்களில் ஒருவர் வேறு மாதிரிச் சொன்னார், அதையும் எழுத வேணும். அவர் வெளிநாட்டுக் கம்பனிக்கு வீட்டில் இருந்து வேலை செய்பவர். கணக்கில் எப்படியும் இரண்டு மூன்று இலட்சம் நிற்கும். வருடத்தில் இரண்டு தடவை பறப்பார். அவருக்கு அந்தக் கணக்கு உண்மையில் இலவசம், சலுகையும் பாவிக்கிறார். அவர் பிழை செய்யவில்லை. கட்டணம் கட்டத் தேவையில்லாத ஆளுக்கே கட்டணம் இல்லாமல் போகிற மாதிரித்தான் அந்தக் கணக்கைக் கட்டியிருக்கிறார்கள். அதைத்தான் நாங்கள் கவனிக்கச் சொல்கிறோம்.

இன்னொன்று, பலர் பிழையாக விளங்கி வைத்திருப்பது. பெரிய கணக்கு எண்டால் காசு கூடப் பாதுகாப்பு எண்டு நினைக்கிறார்கள். 2002 இல் பிரமுக வங்கி மூடப்பட்டது, 2008 இல் கோல்டன் கீ விழுந்தது, இரண்டிலும் சனம் வருடக் கணக்காக அலைந்தது. 2010 இல்தான் கட்டாய வைப்புக் காப்புறுதித் திட்டம் வந்தது. முதலில் எல்லை இரண்டு இலட்சம், 2021 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா. அந்தப் 11 இலட்சம் பிளட்டினம் கார்ட்காரருக்கும் அதேதான், வெறும் உண்டியல்காரருக்கும் அதேதான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தொட்டபோது, எந்த நிறக் கார்ட்டும் அதற்குள் கிடந்த காசின் பெறுமதியைக் காப்பாற்றவும் இல்லை.

2023 இல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளுக்குப் பிறகு கட்டணங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை வங்கிகளுக்கு இருக்கு. ஆகவே தோழி அந்த அண்ணாவிடம் மூன்று விசயம் எழுத்தில் கேட்டாள்: மிகுதி குறைந்தால் எந்த நாளில் பார்த்துக் கட்டணம் பிடிப்பீர்கள், காப்புறுதி எந்தெந்த நோய்க்கு இல்லை, வேண்டாம் எண்டால் சாதாரணக் கணக்குக்கு மாற என்ன செய்ய வேணும். கேட்டுச் சொல்லுறன் எண்டு போனவர், இதை எழுதும் வரை திரும்ப வரவில்லை.

சம்பளத்துக்கு அவள் சாதாரணக் கணக்கைத் திறந்தாள், கந்தோருக்குப் பக்கத்தில் ஏ.ரி.எம். இருக்கிற வங்கியில். பிறகுதான் பழைய பாஸ் புத்தகத்தின் ஞாபகம் வந்தது. சேமிப்புக் கணக்கொன்று பத்து வருடம் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாமல் கிடந்தால் அதைக் கைவிடப்பட்ட கணக்காகக் கருதி, காசை மத்திய வங்கிக்கு மாற்றிவிடுவார்கள். உரியவர் பிறகு கேட்டுப் பெறலாம், ஆனால் அலைச்சல். புத்தகத்தின் கடைசி வரி எட்டு வருடத்துக்கு முந்தினது, அம்மம்மா உயிரோடு இருந்த காலத்தில் போட்ட 500 ரூபா. போன சனிக்கிழமை ஊருக்குப் போனவள் தபால் கந்தோருக்குப் போய் அதில் இன்னும் ஒரு 500 ரூபா போட்டுவிட்டு, முத்திரை குத்தின பக்கத்தைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தாள்.